சமையலறைச் சூட்டிலிருந்து கரண்டு, குளிர், வெந்நீர்: கடைக்கு எது உதவும்?

சாம்பார்_சட்டி (செந்தூல்)

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். விடியற்காலை அடுப்பு பற்றவைத்தால் இரவு கடை மூடும் வரை அனல்தான். கேஸுக்குக் காசு கொடுத்துச் சூடு உண்டாக்குகிறேன், அப்புறம் அதே சூட்டை விரட்ட ஏர்கோனுக்குக் காசு கொடுக்கிறேன். கோல்ட்ரூம் மோட்டார் பின்சந்து முழுக்க வெந்த காற்றை ஊதுகிறது. அதற்கு இரண்டடி தள்ளி, பாத்திரம் கழுவ ஒரு கரண்டு ஹீட்டர் ஓடுகிறது. யோசித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

போன வாரம் ஒரு விற்பனையாளர் மூன்று சரக்கு காட்டினார். ஒன்று, அடுப்புக்கு மேலே புகைக்கூண்டில் ஒட்டும் தகடுகள்: ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் இருந்தால் கரண்டு தருமாம். அடுத்தது, கூரையில் வெயில் குழாய் பதித்து அந்தச் சூட்டிலேயே ஓடும் ஏர்கோன். கடைசியாக, கோல்ட்ரூம் மோட்டாரின் சூட்டைப் பிடித்து வெந்நீர் கொடுக்கும் தொட்டி. மூன்றையும் சேர்த்து எடுத்தால் விலையில் கழிவு உண்டு என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், எதை நம்பலாம்?

கேஸ்_குழாய் (கிள்ளான்)

அண்ணே, கடைசியாகச் சொன்னதை வாங்குங்கள், மற்ற இரண்டையும் விடுங்கள். நான் ஏர்கோன், கோல்ட்ரூம் வேலை பார்ப்பவன். விவரம் இரவு எழுதுகிறேன், இப்போது ஏணி மேல் இருக்கிறேன்.

சும்மா_கேட்கிறேன்

முதலில் இறங்குங்கள்.

நிபோங்தெபால்_மாணவன்

அங்கிள், நான் இயந்திரப் பொறியியல் படிக்கிறேன். அந்தத் தகட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது ஏமாற்று இல்லை. இரண்டு வேறு உலோகங்களை இணைத்து ஒரு முனையைச் சூடாக்கினால் சுற்றில் மின்சாரம் ஓடும் என்பது 1821-லேயே சீபெக் கண்ட விஷயம். 1977-இல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்கள் இதை நம்பித்தான் ஓடுகின்றன. புளூட்டோனியத்தின் சூடு ஒரு பக்கம், விண்வெளியின் குளிர் மறுபக்கம்.

ஆனால் உங்கள் புகைக்கூண்டில் கணக்கு வேறு. தகட்டின் ஒரு பக்கம் 200 டிகிரி, மறுபக்கத்தை எப்படியோ 60 டிகிரியில் வைத்திருக்கிறீர்கள் என்று வைப்போம். அந்த இடைவெளியில், குறையே இல்லாத எந்திரம்கூட 30 விழுக்காட்டைத் தாண்ட முடியாது. 1824-இல் பிரெஞ்சுப் பொறியாளர் கார்னோ போட்ட எல்லைக்கோடு அது, இன்றுவரை யாரும் தாண்டவில்லை. இந்தத் தகடுகள் அந்த எல்லையில் ஆறில் ஒரு பங்கைத் தொட்டாலே நல்ல தகடு. 500 வாட் சூடு உள்ளே போனால் 20 வாட் சொச்சம் கரண்டு வெளியே வரும். மறுபக்கத்தைக் குளிர்விக்க வைக்கும் காற்றாடி அதிலும் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

சாம்பார்_சட்டி

தம்பி, அவர் காட்டிய காணொளியில் அடுப்பு மேல் வைத்த தகட்டிலிருந்து வரிசையாக விளக்கு எரிந்ததே?

நிபோங்தெபால்_மாணவன்

எல்ஈடி விளக்காக இருக்கும் அங்கிள். ஒன்றுக்கு ஒரு வாட்கூட வேண்டாம், அதனால் காட்சிக்கு எடுப்பாக இருக்கும். அதே தகட்டில் உங்கள் மாவு அரைக்கும் கிரைண்டரை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

கேஸ்_குழாய் (கிள்ளான்)

வந்துவிட்டேன். தம்பி ஏட்டுக் கணக்கு சொன்னார், நான் எண்ணெய்க் கணக்கு சொல்கிறேன். நம் கடைப் புகைக்கூண்டில் போவது வெறும் சூடான காற்று இல்லை. வடை, பொரித்த கோழி, தாளிப்பு என்று எல்லா எண்ணெயும் ஆவியாகப் போகிறது. அந்தப் பாதையில் இதழ் இதழாக அலுமினியம் வைத்த எதை மாட்டினாலும் சீக்கிரம் பசை பிடித்து அடைத்துக்கொள்ளும். அப்புறம் சூடும் ஏறாது, புகையும் போகாது, ஒரு பொறி பட்டால் குழாய் முழுக்கத் தீ. போம்பா (தீயணைப்புத் துறை) சோதனைக்கு வந்தால் அதற்குப் பதில் சொல்லவேண்டியது நீங்கள்தான், விற்றவர் இல்லை.

இனி வெந்நீர்த் தொட்டி. நீங்கள் மோட்டார் என்கிற கோல்ட்ரூம் கம்ப்ரசரை விட்டு வரும் குளிரூட்டும் கேஸ் (அடுப்புக் கேஸ் இல்லை) 70, 80 டிகிரி சூட்டில் இருக்கும். அது கண்டென்சர் என்ற வெளிக் குழாய்ச்சுருளுக்குப் போய், காற்றாடி ஊத ஊதத் திரவமாகிறது. நடுவில் ஒரு வெப்ப மாற்றி வைத்து மறுபக்கம் தண்ணீரை ஓடவிட்டால், கேஸின் மேல்சூடு தண்ணீருக்கு வந்துவிடும். 50, 55 டிகிரி தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும். வெளியே கொட்டும் மொத்தச் சூட்டில் 10 முதல் 20 விழுக்காடுதான் இந்த வழியில் வரும். மீதியையும் பிடிக்கலாம், ஆனால் அது 40 சொச்சம் டிகிரியில்தான் கிடைக்கும். இன்னும் சூடு வேண்டும் என்று பிரஷரை ஏற்றினால் கம்ப்ரசர் கரண்டை இழுக்க ஆரம்பித்துவிடும். அங்கே பேராசை கூடாது.

உங்களுடையது மூன்று குதிரைசக்தி மெஷின் என்றால் ஒரு கிலோவாட் சூடு பிடிக்கலாம். கம்ப்ரசர் ஒரு நாளில் பத்து மணி நேரம் ஓடினால் பத்து யூனிட். 300 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 55-க்கு ஏற்றக் கிட்டத்தட்ட அவ்வளவுதான் தேவை. இப்போது அந்தப் பத்து யூனிட்டை ஹீட்டர் மூலம் காசு கொடுத்து வாங்குகிறீர்கள்.

பழைய_பாய்லர் (புக்கிட் மெர்தாஜாம்)

பிள்ளைகள் நன்றாகவே சொல்கிறார்கள். நான் செம்பனை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், என் பங்குக்குக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சூட்டில் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் எல்லாரும் பார்க்கிறார்கள். எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பதுதான் அதைவிட முக்கியம். கார்னோவே இதை நீர்வீழ்ச்சியோடு ஒப்பிட்டுத்தான் எழுதினார்: தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் விழும் உயரம் இல்லாவிட்டால் சக்கரம் சுற்றாது. நம் நாட்டில் குளிர்ந்த பக்கம் என்பதே 30 டிகிரி. ஐஸ்லாந்துக்காரனுக்கு 90 டிகிரித் தண்ணீர் கிடைத்தால் அவனிடம் ஆறும் காற்றும் ஐந்து டிகிரியில் இருக்கின்றன. நமக்கு அந்த வசதி இல்லை. கூரையில் 60 டிகிரிச் சூடு பிடித்து 32 டிகிரிக் காற்றில் விட்டால், குறையே இல்லாத எந்திரத்துக்கே எட்டரை விழுக்காட்டுக்கு மேல் கிடைக்காது. உண்மையான எந்திரத்துக்கு அதில் பாதி கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இதை ஆலையில் எப்படிச் சமாளித்தோம் தெரியுமா? பழக்குலையிலிருந்து எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சும் நாரும் ஓடும்தான் பாய்லருக்கு எரிபொருள். பாய்லரில் 20 பார் அழுத்தத்தில் நீராவி எழுப்பி டர்பைனுக்கு அனுப்புவோம். டர்பைன் அதை முழுக்க உறிஞ்சுவதில்லை, 3 பார் அழுத்தத்திலேயே வெளியே விட்டுவிடும். கரண்டு உற்பத்தி மட்டுமே தெரிந்தவர் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார், அவ்வளவு மட்டமான டர்பைன். ஆனால் அந்த 3 பார் நீராவி பேக் பிரஷர் வெசல் என்ற நீராவித் தொட்டிக்குப் போய், அங்கிருந்து குலையை அவிக்கும் ஸ்டெரிலைசருக்குப் போகும். 140 டிகிரியில் பழக்குலை வேக அதுதான் வேண்டும். ஒரு டன் குலைக்கு 20 யூனிட்டுக்கும் குறைவான கரண்டு போதும், நீராவியோ அரை டன் வேண்டும். ஆலைக்கு உண்மையான தேவை சூடு. கரண்டு வழியில் கிடைக்கிற வரும்படி. வெளியிலிருந்து கரண்டு வாங்காமலே ஆலை ஓடும்.

இதே வேலையைப் பெரிய அளவில் கோலாலம்பூரிலும் செய்கிறார்கள். இரட்டைக் கோபுரத்துக்குக் குளிர்நீர் கோபுரத்துக்குள்ளேயே உண்டாவதில்லை. கோபுரம் நிற்கும் கேஎல்சிசி வளாகத்தில் தனி நிலையம் இருக்கிறது, அங்கிருந்து குழாய் வழியே வருகிறது. எரிவாயு டர்பைன் கரண்டு தருகிறது, அதன் புகைச் சூட்டில் நீராவி எழுகிறது, அந்த நீராவியில் சில்லர், அதாவது தண்ணீரைக் குளிர வைக்கும் எந்திரம், ஓடுகிறது. கேஎல்ஐஏ விமான நிலையத்திலும் புத்ராஜெயாவிலும் இதே வழிதான். பிறை மின்நிலையத்தில் 2016-இல் வந்த எரிவாயு ஆலையும் அப்படித்தான்: எரிவாயு டர்பைன் விட்ட சூட்டில் நீராவி டர்பைனையும் சுற்றுகிறார்கள். எரிபொருளில் ஏறக்குறைய 60 விழுக்காடு கரண்டாகிறது.

ஆகவே சாம்பார் சட்டித் தம்பி, உயர்ந்த சூடு இருந்தால் முதலில் கரண்டு எடு. அதில் மிஞ்சியதை அவிக்கவோ குளிர்விக்கவோ வை. கடைசியாகத்தான் வெந்நீர். உன்னிடம் இருப்பது கடைசிப் படிச் சூடு, அதை முதல் படிக்கு ஏற்றப் பார்க்காதே.

சும்மா_கேட்கிறேன்

ஐயா, ஒரு சந்தேகம். சூட்டில் சில்லர் ஓடும் என்கிறீர்கள். விற்பனையாளர் சொன்ன கூரை ஏர்கோனும் அதேதானே? கேஎல்ஐஏவுக்கு ஆகும் என்றால் செந்தூலுக்கு ஏன் ஆகாது?

நிபோங்தெபால்_மாணவன்

தத்துவம் அதேதான். லித்தியம் புரோமைடு என்ற உப்புக் கரைசல் நீராவியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதனால் உள்ளே அழுத்தம் குறைந்து, தண்ணீர் ஐந்து டிகிரியிலேயே கொதிக்கும். கொதிக்க வேண்டிய சூட்டைக் குளிர்நீர்க் குழாயிலிருந்து எடுத்துக்கொள்ளும். நீர்த்துப்போன கரைசலை மறுபடி காய்ச்சத்தான் வெளிச்சூடு தேவை.

கூரைக் குழாய் வெயிலில் பாதியைச் சூடாகப் பிடிக்கும், அந்தச் சூட்டில் 70 விழுக்காடு குளிராக மாறும். ஆக மொத்தம் 35 விழுக்காடு. அதே கூரையில் சாதாரண சோலார் பேனல் போட்டால் வெயிலில் 20 விழுக்காடு கரண்டாகும், ஆனால் நல்ல இன்வெர்ட்டர் ஏர்கோன் ஒரு யூனிட் கரண்டுக்கு நான்கு யூனிட் குளிர் தரும். 80 விழுக்காடு! அதுவும் ஏர்கோன் ஓடாத நேரத்தில் அந்தக் கரண்டை வேறு எதற்கும் பயன்படுத்தலாம். பேனல் விலை இறங்கிய பிறகு வெயில்சூட்டு ஏர்கோன் கதை முடிந்துவிட்டது என்பது என் கருத்து.

பழைய_பாய்லர் (புக்கிட் மெர்தாஜாம்)

முடிந்தது என்று ஒரேயடியாகச் சொல்லாதே தம்பி. உன் கணக்கு கூரையில் புதிதாகப் பிடிக்கும் சூட்டுக்குச் சரி. ஆலையில் சும்மா வெளியே போகும் நீராவிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே எரிபொருள் செலவு ஏற்கெனவே ஆகிவிட்டது, பேனலோடு போட்டி போடவேண்டிய அவசியமே இல்லை.

நிபோங்தெபால்_மாணவன்

ஒத்துக்கொள்கிறேன் ஐயா, கழிவுச் சூட்டுக்கு அது சரிதான். கடைக் கூரைக்கு மட்டும் என் பேச்சு நிற்கட்டும்.

கடலோரம் (பத்து ஃபெரிங்கி)

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் இங்கே ஒரு ஹோட்டலில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். சூட்டில் ஓடும் அந்த வகை சில்லர் ஒரு பங்கு குளிர் கொடுக்க ஏறக்குறைய இரண்டரைப் பங்கு சூட்டை வெளியே தள்ளவேண்டும். சாதாரண கம்ப்ரசர் ஒன்றேகால், ஒன்றரைப் பங்கோடு முடித்துவிடும். அதனால் சூட்டைக் காற்றில் விடும் கூலிங் டவர், அதற்குத் தண்ணீர், பாசி மருந்து, பம்ப் எல்லாம் வரும். கடை முதலாளி சாம்பார் கவனிப்பாரா, டவர் தண்ணீரைக் கவனிப்பாரா?

ஒரு சின்ன வேடிக்கை: கம்ப்ரசரே இல்லாத இந்த வகைப் பெட்டி பல ஹோட்டல் அறைகளில் இருக்கிறது. சத்தமே போடாத மினிபார்! 1922-இல் ஸ்டாக்ஹோமில் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்தது. அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன், அடியில் ஒரு சின்ன ஹீட்டர். விருந்தாளி நிம்மதியாகத் தூங்குவார். கரண்டு பில் பார்க்கும் நாங்கள்தான் தூங்குவதில்லை, சாதாரண பிரிட்ஜைவிட அது அதிகம் இழுக்கும்.

சும்மா_கேட்கிறேன்

ஐன்ஸ்டீன்கூட பிரிட்ஜ் செய்தார் என்று எங்கோ படித்தேன், அது நிஜமா?

கடலோரம் (பத்து ஃபெரிங்கி)

நிஜம்தான். லியோ சிலார்டு என்ற இயற்பியலாளரோடு சேர்ந்து செய்தார், 1930-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அந்தக் காலத்துப் பிரிட்ஜில் நச்சுவாயு கசிந்து பெர்லினில் ஒரு குடும்பமே இறந்த செய்திதான் தூண்டுதல் என்பார்கள். நகரும் பாகமே இல்லாவிட்டால் கசிய வழி இல்லை என்பது அவர்கள் எண்ணம். ஆனால் அதே காலகட்டத்தில் நச்சில்லாத குளிரூட்டும் வாயுவான பிரியான் வந்துவிட்டது, சந்தை அந்தப் பக்கம் போய்விட்டது. அந்தப் பிரியான் ஓசோனை ஓட்டை போட்டது தனிக் கதை.

டெல்லி_ரிட்டர்ன் (பெட்டாலிங் ஜெயா)

எல்லாரும் பெரிய மெஷினாகப் பேசுகிறீர்கள். டெல்லியில் வேலை பார்த்தபோது ஈர வைக்கோல் பாய் வைத்த கூலர் ஒன்றுதான் வீட்டுக்கு, மே மாத வெயிலில் பிரமாதமாக இருக்கும். அண்ணன் கடைக்கு அந்த மாதிரி நான்கு வாங்கி வைத்தால் ஏர்கோனே வேண்டாமே?

நிபோங்தெபால்_மாணவன்

அண்ணே, டெல்லியில் 40 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 20 விழுக்காடு என்றால், தண்ணீர் ஆவியாகி ஆவியாகிக் காற்றை 23 டிகிரிக்குப் பக்கத்தில் கொண்டுபோக முடியும். கோலாலம்பூரில் 32 டிகிரி, 65 விழுக்காடு ஈரம். என்ன செய்தாலும் 26, 27-க்குக் கீழே போகாது, நடைமுறையில் 28-தான். அந்தக் காற்றும் சொதசொதவென்று இருக்கும். அப்பளம் நமத்துப்போகும்.

சாம்பார்_சட்டி

அப்பளத்தைச் சொன்னதும் புரிந்துவிட்டது, கூலர் வேண்டாம். சரி, கூரைக்கு ஏதோ வெள்ளைப் பெயின்ட் அடித்தால் வெயிலிலேயே குளிருமாமே? அதையும் அந்த ஆள் லேசாகத் தொட்டுவிட்டுப் போனார்.

நிபோங்தெபால்_மாணவன்

அதற்கு அடிப்படை 2014-இல் ஸ்டான்ஃபோர்டில் ஆஸ்வத் ராமன் என்ற ஆய்வாளரின் குழுவினர் செய்தது. வெயிலில் 97 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு, தன் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு விடும் ஒரு படலம். கலிபோர்னியா வெயிலில், சுற்றுக் காற்றைவிட கிட்டத்தட்ட 5 டிகிரி குளிர்ந்து நின்றது, கரண்டே இல்லாமல். எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு. ஆனால் அந்தக் கதிர் மேகத்தையும் நீராவியையும் தாண்டிப் போகவேண்டும். நம் வானம் பாதி நாள் மூடிக் கிடக்கிறது, அதனால் அங்கே கிடைத்த அளவு இங்கே கிடைக்காது. ஆனாலும் தகரக் கூரைக்குச் சாதாரண வெள்ளைப் பூச்சே வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பிவிடும். அந்தக் காசு வீண்போகாது.

கடலோரம் (பத்து ஃபெரிங்கி)

புத்ராஜெயாவில் எரிசக்தி ஆணையத்தின் வைரக் கட்டடத்தில் இன்னொரு வழி செய்திருக்கிறார்கள். கான்கிரீட் தளத்துக்குள் குழாய் பதித்து, இரவில் குளிர்நீர் ஓடவிட்டுத் தளத்தையே குளிர வைக்கிறார்கள். பகலெல்லாம் அது மெதுவாகக் குளிரை விடும். ஐந்து டிகிரித் தண்ணீர் தேவையில்லை என்பதால் சில்லருக்கும் வேலை குறைவு. ஆனால் மூடிய அலுவலகத்துக்குத்தான் அது. கதவு திறந்தே கிடக்கும் கடையில் செய்தால் தரை வியர்த்து வழுக்கும், பரிமாறும் பையன் ரசத்தோடு விழுவான்.

கேஸ்_குழாய் (கிள்ளான்)

விஞ்ஞானிகள் எல்லாரும் பேசி முடித்தீர்களா? அண்ணே, உங்கள் கடைக்கு நான் ஒருமுறை சாப்பிட வந்திருக்கிறேன், முன்கதவைத் தள்ளினால் காற்று உள்ளே இழுக்கிறது. சமையலறை எக்ஸாஸ்ட் காற்றாடிதான் காரணம். நீங்கள் காசு கொடுத்துக் குளிர வைத்த காற்றைச் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து உறிஞ்சி, அடுப்பு வழியாகச் சந்தில் விடுகிறது. அதன் இடத்துக்குத் தெருவிலிருந்து சூடும் ஈரமுமான காற்று வருகிறது. ஏர்கோன் வேலையில் பெரும்பங்கு அந்த ஈரத்தைப் பிழிவதுதான். புகைக்கூண்டு பக்கத்திலேயே வெளிக்காற்று வர ஒரு குழாய் வையுங்கள், சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் கதவு போடுங்கள். இதில் எந்தக் கண்டுபிடிப்பும் இல்லை, தகரவேலை மட்டும்தான். அந்த மூன்று சரக்கையும்விட இதில் அதிகம் மிச்சமாகும் என்று அடித்துச் சொல்வேன்.

அடுத்தது, பின்சந்து. ஏர்கோன் வெளிப்பெட்டி, கோல்ட்ரூம் பெட்டி, பக்கத்துக் கடைப் பெட்டி எல்லாம் ஒன்றின் முகத்தில் ஒன்று ஊதிக்கொண்டிருக்கும், பார்க்காமலே சொல்கிறேன். உள்ளே குளிரும் குழாய்ச்சுருள் (காயில்) 10 டிகிரி, வெளியே கண்டென்சர் 50 டிகிரி என்றால், தம்பி சொன்ன எல்லைக்கோட்டின்படி ஒரு யூனிட் கரண்டுக்கு 7 யூனிட் குளிர். நிஜத்தில் மூன்றரை. சந்தில் சூடு தேங்கி 50 என்பது 55 ஆனால் அதுவும் குறையும். பெட்டிகளைத் திசை மாற்றுங்கள், காயிலைக் கழுவுங்கள், ரிமோட்டை 18-இல் வைக்காமல் 24-இல் வையுங்கள்.

சாம்பார்_சட்டி

கதவு இழுப்பது உண்மைதான், கதவுதான் கனம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சரி, தகடு வேண்டாம், கூரை ஏர்கோன் வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். விலைக் கழிவு போய்விடும் என்று வருத்தப்பட்டார். வெந்நீர்த் தொட்டி மட்டும் எடுத்தால் என்னென்ன கேட்கவேண்டும்?

கடலோரம் (பத்து ஃபெரிங்கி)

அண்ணா, இரட்டைச் சுவர் வைத்த வெப்ப மாற்றியா என்று கேளுங்கள். ஒற்றைச் சுவர் ஓட்டையானால் கேஸும் கம்ப்ரசர் எண்ணெயும் பாத்திரம் கழுவும் தண்ணீரில் கலக்கும். பழைய ஹீட்டரைக் கழற்றி எறியாதீர்கள். 40, 45 டிகிரியிலேயே நின்றுவிட்ட தொட்டித் தண்ணீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும், அதனால் 60 டிகிரிக்கு ஏற்ற அது வேண்டும். 55-லிருந்து 60-க்கு என்றால் செலவு கொஞ்சம்தான்.

கேஸ்_குழாய் (கிள்ளான்)

தொட்டி நிறையச் சூடானதும் கேஸ் நேராகக் கண்டென்சருக்குப் போக பைபாஸ் இருக்கவேண்டும். வாங்குவதற்கு முன்னால் கம்ப்ரசர் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பார்க்க ஒரு ஹவர் மீட்டர் மாட்டுங்கள், விலை சொற்பம். நான் பத்து மணி என்று சொன்னது குத்துமதிப்பு. ஆறு மணிதான் ஓடுகிறது என்றால் 300 லிட்டர் தொட்டி பெரிது, 200 போதும். விற்பவர் நிச்சயம் பெரியதைத்தான் காட்டுவார்.

சாம்பார்_சட்டி

மீட்டர் நாளைக்கே மாட்டச் சொல்கிறேன். கிள்ளான் தம்பி, சனிக்கிழமை மதியம் வந்து அந்தப் பின்சந்தையும் புகைக்கூண்டையும் பார்த்துவிட்டுப் போகமுடியுமா? சாப்பாடு என் கணக்கு.

கேஸ்_குழாய் (கிள்ளான்)

சனிக்கிழமை உங்கள் கடையில் நிற்க இடம் இருக்காது அண்ணே. செவ்வாய் மூன்று மணிக்கு வருகிறேன். அதற்குள் மீட்டரில் சில நாள் கணக்கு ஏறியிருக்கும்.

சும்மா_கேட்கிறேன்

செவ்வாய் சைவமா அண்ணே?

சாம்பார்_சட்டி

சைவம்தான். உங்களுக்கு அப்பளம் இரண்டு கூட வைக்கிறேன்.